கண்ணில் விழும் செம்பு வளையம்



கண் நோய் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கண் சிவப்பது, புரை விழுவது, வயதானால் பார்வை மங்குவது. இந்தப் பாடத்தில் நாம் படிக்கப் போவது வேறு மாதிரியான ஒரு விசயம். கண்ணில் அடையாளம் விழும், ஆனால் கண் நன்றாகத் தெரியும். வலி இல்லை, சிவப்பு இல்லை, தண்ணீர் வடிவதும் இல்லை. அந்த அடையாளம் கண்ணைப் பற்றிச் சொல்ல வந்ததல்ல. ஈரலிலும் மூளையிலும் என்ன நடக்கிறது என்று சொல்ல வந்தது. அதைச் சரியான நேரத்தில் பார்த்துவிட்டால் ஒரு உயிரையும் காப்பாற்றலாம், கூடப் பிறந்தவர்களின் உயிரையும் காப்பாற்றலாம்.

இந்த நோய்க்குப் பெயர் வில்சன் நோய். பரம்பரையாக வருகிற ஒரு அபூர்வ நோய். ஏறக்குறைய முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் என்று கணக்குச் சொல்கிறார்கள். "அவ்வளவு அபூர்வமான நோயைப் பற்றி நாங்க ஏன் படிக்கணும்?" என்று கேட்பீர்கள். அபூர்வம் என்பதனாலேயே இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதே நேரத்தில், பரம்பரை நோய்களில் மருந்து மாத்திரையால் நன்றாக அடக்கி வைக்கக் கூடியவை சிலதான். இது அவற்றில் ஒன்று. பிந்திப் போனால்தான் ஆபத்து.

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம்

ஒரு லயத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். அப்பா கவ்வாத்து வெட்டுகிறார், அம்மா கொழுந்து எடுக்கிறார். மூத்த மகனுக்குப் பதினாறு வயது, ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறான். போன வருசம் வரை முத்து முத்தாக எழுதிய பையன். இந்த வருசம் அவன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கிச் சிந்துகிறது. பேச்சு குழறுகிறது. வாயோரம் எச்சில் வழிகிறது. காரணம் இல்லாமல் கோபப்படுகிறான், காரணம் இல்லாமல் அழுகிறான்.

லயத்தில் பேச்சுக் கிளம்புகிறது. "பையன் கசிப்பு குடிக்கப் பழகிட்டான் போல" என்கிறார் ஒருவர். "ஆத்துப் பக்கம் போயிட்டு வந்ததிலேருந்துதாண்ணே இப்படி. என்னமோ பட்டிருக்கு, பூசாரிக்கிட்ட காட்டுங்க" என்கிறார் இன்னொருவர். அப்பா கோபத்தில் இரண்டு அடி போடுகிறார். அம்மா தாயத்துக் கட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்கிறார்கள். இப்படியே ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கே டாக்டர் கேட்கிறார்: "இவருக்குச் சின்ன வயசில செங்கமாரி வந்திருக்கா அம்மா?" அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வருகிறது. "ஆமாங்க ஐயா, ஒம்பது வயசில மஞ்சக்காமாலை வந்துச்சுங்க. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம், சரியாப் போச்சுங்க."

டாக்டர் பையனைக் கண் கிளினிக்குக்கு அனுப்புகிறார். "கை நடுங்குதுன்னு வந்தா கண்ணைப் பாக்கச் சொல்றாங்களே" என்று அம்மாவுக்கு ஆச்சரியம். கண் டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். இரண்டு கண்ணிலும், கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, பொன்னும் பழுப்பும் கலந்த ஒரு வளையம் இருக்கிறது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டில் நடந்த கதை அல்ல. ஆனால் இந்த நோய் வந்த எத்தனையோ வீடுகளில் இதைப் போலத்தான் காலம் வீணாகியிருக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

செம்பு என்பது குடமும் சொம்பும் செய்கிற உலோகம் மட்டும் அல்ல. நாம் சாப்பிடுகிற சாப்பாட்டிலும் மிகக் கொஞ்சமாகச் செம்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஓரிரு மில்லிகிராம் அளவு போதும். உடம்புக்கு அது தேவையும்கூட. தேவைக்கு மேல் உள்ளதை ஈரல் பித்த நீரோடு சேர்த்து வெளியே அனுப்பிவிடும். அது மலத்தோடு போய்விடும்.

நம் மலையில் கான் வெட்டுகிறோமே, அதை நினைத்துக் கொள்ளுங்கள். கான் சுத்தமாக இருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஓடிவிடும். கான் அடைத்துக் கொண்டால்? சாதாரண மழை பெய்தாலும் தண்ணீர் தேங்கி, வரம்பை உடைத்துக் கொண்டு லயத்துக்குள்ளேயும் வரும். குற்றம் மழையில் இல்லை, கானில்தான்.

வில்சன் நோயில் செம்பு வெளியேறுகிற கான் பிறவியிலேயே அடைப்பு. சாப்பாட்டில் வருகிற சாதாரண அளவு செம்பே போக வழியில்லாமல் ஈரலில் தேங்குகிறது. ஈரல் நிரம்பியதும் இரத்தத்தில் கலந்து மூளைக்கும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ப் படிகிறது. இது ஒரு நாளில் நடப்பதில்லை. பிறந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அதனால்தான் குழந்தைப் பருவத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடையில் வெளியே காட்டுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஈரல் நோயாக, அதாவது செங்கமாரி, வயிறு வீங்குவது, கால் வீங்குவது என்று வரும். வாலிப வயதில் கை நடுக்கம், பேச்சுக் குழறல், நடை தடுமாறுவது, குணம் மாறுவது என்று வரும்.

இதைக் கண்டுபிடித்த கதை

1902ஆம் ஆண்டு ஜெர்மனியில் கைசர் என்ற கண் டாக்டர் ஒரு நோயாளியின் கண்ணில் இந்த வளையத்தைப் பார்த்து எழுதி வைத்தார். அடுத்த வருசம், 1903இல், பிளைஷர் என்ற டாக்டரும் இதே வளையத்தைப் பற்றி எழுதினார். அதனால் இன்றும் இதைக் கைசர் பிளைஷர் வளையம் என்கிறார்கள். 1912இல் லண்டனில் வேலை செய்த கின்னியர் வில்சன் என்ற டாக்டர், ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூளையும் ஈரலும் சேர்ந்து கெடுகிற நோய் ஒன்று இருக்கிறது என்று விளக்கமாக எழுதினார். அவர் பெயர்தான் நோய்க்கு வந்தது. ஆனால் அவர் கண் வளையத்தைக் கவனிக்கவில்லை. பெரிய டாக்டர்களின் கண்ணுக்கே தப்பிய அடையாளம் இது. நமக்குத் தெரியாமல் போனதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தால் மரணம்தான். 1956இல் ஜோன் வால்ஷ் என்ற பிரித்தானிய டாக்டர், பெனிசிலமைன் என்ற மருந்து செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் என்று காட்டினார். நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதைத் தாமே விழுங்கிப் பார்த்தார். அன்றிலிருந்து இந்த நோய் மருந்துள்ள நோயாகிவிட்டது. 1993இல் எந்தப் பரம்பரை அலகில் குறை இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள்.

கண்ணில் நடக்கும் மாற்றம்

கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதை விழிவெண்படலம் என்று படித்திருப்பீர்கள். அதன் உட்பக்கத்தில் உள்ள மெல்லிய தோலில்தான் செம்பு படிகிறது. முதலில் மேல் ஓரத்தில் பிறை மாதிரி விழும். அந்த இடத்தை மேல் இமை மூடியிருப்பதால் ஒருவருக்கும் தெரியாது. பிறகு கீழ் ஓரத்தில் விழும். வருசக் கணக்கில் இரண்டு பிறையும் நீண்டு, பக்கங்களில் சேர்ந்து முழு வளையமாகும். நிறம் பொன் பழுப்பாக இருக்கும், சிலருக்குப் பச்சை கலந்திருக்கும்.

நீலக் கண் உள்ள வெள்ளைக்காரர்களுக்கு இந்த வளையம் சில நேரம் சும்மா பார்த்தாலே தெரியும். நம்முடைய கண் கரும்பழுப்பு. பழுப்பின் மேல் பழுப்பு விழுந்தால் எப்படித் தெரியும்? ஆகவே வீட்டில் கண்ணாடியில் பார்த்து "வளையம் இல்லை" என்று முடிவு செய்யக் கூடாது. கண் கிளினிக்கில் நாடியை ஒரு தாங்கியில் வைத்து, மெல்லிய கோடு மாதிரி வெளிச்சம் விட்டுப் பார்க்கிற கருவி ஒன்று இருக்கிறது. அதில்தான் நிச்சயமாகத் தெரியும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிச வேலைதான்.

சிலருக்குக் கண் வில்லையிலும் செம்பு படிந்து, சூரியகாந்திப் பூ விரிந்த மாதிரி ஒரு புரை தெரியும். இதுவும் பெரும்பாலும் பார்வையை அதிகம் கெடுப்பதில்லை. இன்னும் சிலருக்குக் கண்ணைச் சட்டென்று ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் திருப்புவது சிரமமாகும். வாசிக்கும்போது வரி தவறும். பிள்ளை "எழுத்து ஓடுது" என்று சொன்னால் சாட்டு என்று நினைத்து அதட்டாதீர்கள்.

முக்கியமான ஒன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் வளையம் இருக்கும். ஆனால் ஈரல் நோயாக மட்டும் வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் வளையம் இருக்கும். ஆகவே வளையம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. இரத்தச் சோதனையும், இருபத்து நாலு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் செய்கிற சோதனையும் தேவை. "ஒரு நாள் பூரா மூத்திரத்தைச் சேர்க்கணுமா?" என்று சலித்துக் கொண்டு பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்குப் பிழைத்துவிடும். கொழுந்தில் பாதியைக் கொட்டிவிட்டு நிறுத்தால் நிறை சரியாக வருமா?

எல்லா வளையமும் இது அல்ல

வயதானவர்களின் கருவிழியைச் சுற்றிச் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு வளையம் இருக்கும். அது வயதினால் வருவது, வில்சன் நோய் அல்ல. தாத்தாவின் கண்ணைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளானால் அது செங்கமாரி. அதையும் உடனே காட்ட வேண்டும். மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறுவது இன்னொரு விசயம். நீண்ட நாள் ஈரல் நோய் வேறு சிலவற்றிலும் அபூர்வமாகச் செம்பு வளையம் விழலாம். எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியது கண் டாக்டர்.

ஒரே வீட்டில் ஏன் இரண்டு பேருக்கு?

"எங்க வம்சத்தில யாருக்குமே இல்லையே, எப்படிப் பரம்பரைன்னு சொல்றாங்க?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். நம்மிடம் ஒவ்வொரு பரம்பரை அலகும் இரண்டு இரண்டாக இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் மட்டும் குறை இருந்தால் மற்றது வேலையைச் செய்துவிடும். அந்த ஆளுக்கு ஆயுசு முழுக்க நோயே வராது, தனக்கு ஒரு குறை இருப்பதும் தெரியாது. அப்படிப்பட்ட இரண்டு பேர் கல்யாணம் செய்து, இரண்டு குறையும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் நோய்.

ஆகவே இது அம்மாவின் குற்றமும் அல்ல, அப்பாவின் குற்றமும் அல்ல. இரண்டு பேரும் தெரியாமல் சம பங்கு கொடுத்திருக்கிறார்கள். "நீ வந்த ராசிதான்" என்று மருமகளைக் குத்திக் காட்டுவதில் அர்த்தமே இல்லை. இது ஒட்டுகிற நோயும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே படுக்கையில் படுக்கலாம்.

அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டுவது நம்மிடையே வழக்கம். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த குறை இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்புக் கூடுவதால், சொந்தத்தில் கட்டிய வீடுகளில் இந்த மாதிரி நோய்கள் வரும் வாய்ப்பும் கூடுகிறது. கட்டியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இனி பேச்சு எடுக்கும்போது, குடும்பத்தில் இந்த நோய் இருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். பையனுக்கு நோய் என்றால் அவனுடைய கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. டாக்டர் சொல்கிறார்: "தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க." அம்மா தயங்குகிறார். "அவ நல்லா ஓடி ஆடித் திரியிறாளேங்க. ஒரு பேர் போட்டாத்தானே அடுப்பு எரியும், எத்தனை நாளைக்கு வேலைய விட்டுட்டு வாறது?"

இந்தத் தயக்கம் நமக்கு விளங்குகிறது. ஒரு நாள் பேர் போவது சின்ன விசயம் அல்ல. ஆனாலும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பதினொரு வயதுத் தங்கச்சியின் கண்ணில் வளையம் இல்லை. ஆனால் இரத்தமும் சிறுநீரும் நோய் இருக்கிறது என்று சொல்கின்றன. அண்ணனுக்குக் கை நடுங்கிய பிறகு மருந்து கிடைத்தது. தங்கச்சிக்கு ஒன்றும் வருவதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. ஒழுங்காக மருந்து எடுத்தால் அவள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்வாள். அண்ணன் கண்ணில் விழுந்த வளையம் தங்கச்சிக்கும் வழி காட்டிவிட்டது.

மருந்தும் வருசக் கணக்கும்

இதற்கு இரண்டு வகை மருந்து உண்டு. பெனிசிலமைன், ட்ரையென்டின் ஆகியவை தேங்கிய செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். சிங்க் என்ற துத்தநாக மருந்து, சாப்பாட்டில் வரும் செம்பு குடலிலிருந்து உடம்புக்குள் ஏறாமல் தடுக்கும். எதை, எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். இவை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய மருந்துகள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. பெனிசிலமைன் எடுப்பவருக்குக் காய்ச்சல், தோலில் தடிப்பு, முகம் கால் வீக்கம் வந்தாலோ, நடுக்கம் கூடினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். தாமாகவே மருந்தை நிறுத்தக் கூடாது.

மருந்து தொடங்கிய பிறகு கண் வளையம் மெல்ல மெல்ல மறையத் தொடங்கும். வந்த வழியே திரும்பிப் போகும். கடைசியாகச் சேர்ந்த பக்கங்கள் முதலில் தெளியும், முதலில் விழுந்த மேல் பிறை கடைசியில் போகும். இதற்குச் சில வருசங்கள் ஆகும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடவும் கூடும். சூரியகாந்திப் புரையும் பெரும்பாலும் இப்படியே தெளியும். அதனால் கண் டாக்டர் வருசா வருசம் பார்த்து எழுதி வைப்பார். கண் ஒரு செக்ரோல் மாதிரி. மருந்து ஒழுங்காக எடுத்தார்களா இல்லையா என்பது அதில் பதிந்துவிடும். மறைந்த வளையம் திரும்பவும் விழுந்தால், செம்பு மறுபடி சேர்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. மூன்று நாலு வருசம் போகும். கை நடுக்கம் குறையும், வளையம் மறையும், பையன் வேலைக்கும் போவான். "இப்பதான் எல்லாம் நல்லாயிருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று தோன்றும். வளையம் மறைந்தது மருந்தின் வேலையால். கான் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் செம்பு மறுபடி தேங்கும். நிறுத்தியவர்களுக்குச் சில மாதங்களிலோ ஓரிரு வருசங்களிலோ ஈரல் திடீரென்று செயல் இழந்து உயிரே போயிருக்கிறது. ஆயுசு உள்ளவரை மருந்து என்பதுதான் இந்த நோயின் சட்டம்.

நீங்கள் கேட்கக் கூடிய கேள்விகள்

செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்ததால் வந்ததா? இல்லை. இது பிறவிக் குறை. ஆனால் நோய் உள்ளவர் செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரும் சமைத்த சாப்பாடும் எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டில் பத்தியம் உண்டா? செம்பு அதிகம் உள்ள ஈரல், நண்டு, சிப்பி, முந்திரி போன்ற கொட்டைகள், காளான், சொக்கலேட் இவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள், முக்கியமாக முதல் வருசத்தில். ஈரல் கெட்டிருப்பதால் சாராயம், கசிப்பு வாயில் வைக்கவே கூடாது. பத்தியம் மட்டும் இருந்து மருந்தை விடுவது பலன் தராது.

கண்ணுக்குத் தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விட்டால் வளையம் போகுமா? போகாது. வளையம் கண்ணின் மேல்பக்கத்தில் இல்லை, உட்பக்கத்தில் இருக்கிறது. கண்டதை ஊற்றினால் கண் புண்ணாகி உள்ள பார்வையும் கெடும். இந்த வளையம் பார்வையைக் கெடுப்பதில்லை என்பதால், பார்வை மங்கினால் வேறு காரணம் இருக்கும். அதையும் காட்டுங்கள்.

கல்யாணம் கட்டலாமா, பிள்ளை பெறலாமா? ஒழுங்காக மருந்து எடுக்கிறவர்கள் கட்டலாம், பெறலாம். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிட்டால் அளவை மாற்றித் தருவார்.

நாம் செய்ய வேண்டியவை

பிள்ளைக்கோ வாலிபருக்கோ திரும்பத் திரும்பச் செங்கமாரி வந்தால், அல்லது எழுத்து மாறிக் கை நடுங்கிப் பேச்சுக் குழறினால், அடிக்காதீர்கள், மந்திரிப்பதில் நாளைக் கடத்தாதீர்கள். முதலில் தோட்ட ஆஸ்பத்திரி டாக்டரையாவிடம் காட்டுங்கள். பழைய செங்கமாரியையும், சொந்தத்தில் கட்டிய விசயத்தையும், குடும்பத்தில் சின்ன வயதில் ஈரல் நோயால் இறந்தவர்கள் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கண் கிளினிக் உண்டு. துண்டு எழுதி வாங்கிக் கொண்டு போங்கள்.

நோய் என்று தெரிந்தால் கூடப் பிறந்த எல்லோரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து, கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். மாத்திரை முடிவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அடுத்த மாத்திரைக்கு வழி பாருங்கள்.

பக்கத்து லயத்தில் ஒரு பையன் தள்ளாடி நடந்தால், "குடிச்சிருக்கான்" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிசம் யோசிப்போம். அவன் கண்ணை யாராவது பார்த்தார்களா என்று கேட்போம். அந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தையே காப்பாற்றக் கூடும்.

கூடிப் பேச மூன்று கேள்விகள்

1. செம்பு வளையம் மறைந்த பிறகும் மருந்தை ஏன் நிறுத்தக் கூடாது? கான் உதாரணத்தை வைத்து உங்கள் வீட்டாருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

2. நன்றாக ஓடி ஆடும் தங்கச்சியை ஏன் சோதிக்க வேண்டும்?

3. ஒரு தாய் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் நாளில், அவருடைய மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உங்கள் லயத்தில் என்ன ஏற்பாடு செய்யலாம்?